அமுக்கு காபி

வேணாம் தம்பி, பை என் மடியிலேயே இருக்கட்டும். மேல வச்சா ஆடும். உள்ள கண்ணாடி இருக்கு. நீங்க உட்காருங்க, நான் நகர்ந்துக்கறேன். பாபநாசத்துல பஸ் ஏறி சீட் கிடைக்கறதே பெரிய விஷயம். எங்க, திருச்சியா? நான் திருவெறும்பூர். அது வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு. உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, தப்பா நினைக்க மாட்டேன். வீட்ல சுவத்தோடதான் பேசிக்கிட்டிருக்கேன், எட்டு மாசமா.

என்ன கண்ணாடின்னு கேக்கலையே நீங்க? சரி, நானே சொல்றேன். காபி போடற கண்ணாடி. பிரெஞ்சு பிரஸ்னு பேராம். நான் அமுக்கு காபின்னு சொல்வேன். ஒரு கண்ணாடிக் குவளை, அதுக்கு ஒரு மூடி, மூடி நடுவுல ஒரு கம்பி, கம்பிக்கு அடியில சல்லடை. பொடியைப் போட்டு வெந்நீர் ஊத்தி, நாலு நிமிஷம் கழிச்சுக் கம்பியை அமுக்கணும். பொடி அடியில தங்கிடும், காபி மேல நிக்கும். அவ்வளவுதான் வித்தை. இந்த வித்தையால என் சம்சாரம் என்னை விட்டுட்டுப் போயிட்டா.

சிரிக்கறீங்களா? சிரிங்க. எங்க தெருவே சிரிக்குது. முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவ, ஒரு காபிக்காக வீட்டை விட்டுப் போவாளா? நான் குடிக்க மாட்டேன், சீட்டாட மாட்டேன், கை நீட்டினது கிடையாது. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவன். சபாநாயகம்னு கும்பகோணத்துல கேட்டுப் பாருங்க, ஒரு சொல் தப்பாச் சொல்ல மாட்டாங்க.

எங்க வீட்ல காபிக்குன்னு ஒரு முறை உண்டு தம்பி. எங்க அம்மா வச்ச முறை. பில்டர்ல பொடி போட்டு, உள்ள இருக்கற குடைத் தட்டால லேசா அழுத்தி, வெந்நீர் ஊத்தி மூடி வச்சா முதல் டிக்காஷன் இறங்கும். கருகருன்னு, தேன் மாதிரி. அது ஆம்பளைங்களுக்கு, வந்த விருந்தாளிக்கு. அப்புறம் அதே பொடியில மறுபடி வெந்நீர் ஊத்தினா ரெண்டாவது இறங்கும். அது வீட்டுப் பொம்பளைங்களுக்கு. எங்க அம்மாவும் அதைத்தான் குடிச்சாங்க. ஞானம் கல்யாணம் ஆகி வந்து அதைத்தான் குடிச்சா. ஞானாம்பாள்னு பேரு. ஞானம்னுதான் கூப்பிடுவேன்.

அஞ்சரைக்கு எனக்கு டபராவுல நுரையோட முதல் காபி வந்துடும். அவ குடிக்கறப்போ பத்து, பத்தரை ஆகும். சமையல், பூஜை, துணி எல்லாம் முடிச்சுட்டு, நின்னுக்கிட்டே குடிப்பா. என்னைக்காவது விருந்தாளி ரெண்டு பேர் கூட வந்துட்டா ரெண்டாவதும் தீந்துடும். அப்போ மூணாவது எடுப்பா. பால்ல சாயம் போட்ட மாதிரி இருக்கும். நான் கூடக் கேலி பண்ணுவேன், 'என்ன ஞானம், காபிக்கு மஞ்சக் காமாலையா'ன்னு. அவளும் சிரிப்பா. சிரிச்சாளா... சிரிச்சிருப்பா.

அவளுக்கு ஸ்ட்ராங் காபி ஒத்துக்காது, பித்த உடம்பு. யார் சொன்னதா? யாரும் சொல்லலை, நான்தான் சொல்வேன். வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் சொல்வேன். அவ ஒரு நாளும் இல்லைன்னு சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கிட்டிருந்த வீட்டுக்கு, போன பொங்கலுக்கு மகனும் மருமகளும் வந்தாங்க. குமரவேல், ஒரே பையன், திருவெறும்பூர் பக்கம் கம்பெனியில வேலை. மருமக பிரதீபா. ஓசூர் பொண்ணு, நல்ல பொண்ணுதான், குறை சொல்லக் கூடாது. அவளுக்கு அவ காபி இல்லாம ஆகாதாம். இதே மாதிரி ஒரு கண்ணாடியைத் துணிக்குள்ள சுத்திக் கொண்டு வந்திருந்தா. கும்பகோணத்துக்கே காபி கொண்டு வர்றா பாருங்க! கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்த கதை.

மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் காலையில அவளே போட்டா. நாலு கண்ணாடி டம்ளர் எடுத்து வரிசையா வச்சா. நாலுலயும் ஊத்தினா. சூடாக் கொஞ்சமாப் பால். எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. நாலாவதை ஞானம் கையில கொடுத்து, "உட்காருங்க அத்தை"ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டா. ஞானம் முழிக்கறா. "நான் அப்புறமா ரெண்டாவதுல குடிச்சுக்கறேம்மா"ங்கறா. அதுக்கு அந்தப் பொண்ணு, "ரெண்டாவதா? இதுல ஏது அத்தை ரெண்டாவது? ஒரே தடவைதான். எல்லாருக்கும் ஒண்ணுதான்"னு சொல்லிச்சு.

ஞானம் உட்கார்ந்தா. குடிச்சா. ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. "இத்தனை வருஷமும் நீங்க குடிச்சது இப்படித்தான் இருந்துச்சா?"ன்னு கேட்டா.

எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு தம்பி. மருமக முன்னாடி நம்ம பில்டரை விட்டுக் கொடுக்காமப் பேசறாளேன்னு. "இதை விட நல்லா இருக்கும்"னு சொன்னேன். அவ மிச்சத்தையும் குடிச்சா. கண்ணு கலங்கி இருந்துச்சு. வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தா போல.

ஊருக்குப் போறப்போ பிரதீபா அந்தக் கண்ணாடியை ஞானத்துக்கே கொடுத்துட்டுப் போயிட்டா. ஒரு டப்பா பொடியும். ரவை மாதிரி கொரகொரன்னு ஒரு பொடி, சிக்கரியே கிடையாது. அன்னிலேருந்து பிடிச்சது சனி.

மறுநாள் காலையில அஞ்சரைக்கு ரெண்டு டம்ளர் வருது. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணை எடுத்துக்கிட்டு எதிர்ல உட்கார்றா. அந்த நேரத்துல அவ முகத்தை நான் பார்த்ததே இல்லை. பேப்பரை விரிச்சுக்கிட்டேன். ஒரு வாரம் பொறுத்தேன். காபியா அது? அடியில வண்டல், பல்லுல நறநறன்னு. "பில்டர்லயே போடு ஞானம்"னேன். "உங்களுக்குப் பில்டர்ல போடறேன், எனக்கு இதுல போட்டுக்கறேன்"னா. ஒரு வீட்ல ரெண்டு காபியா? புருஷனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சா நாளைக்கு உலையும் ரெண்டாகும்னேன். சரின்னு எனக்கும் அதையே கொடுத்தா. அப்படியே முப்பது நாப்பது நாள் ஓடிச்சு.

மாசி மகத்துக்கு என் சிநேகிதர் வைத்தியலிங்கம் சீர்காழியிலேருந்து வந்தார். என் கூட வேலை பார்த்தவர். ரெண்டு பேரும் விடியக் காலம் குளத்துல முங்கிட்டு, ஈர வேட்டியோட வீட்டுக்கு வர்றோம். ஞானம் கூடத்துல நாற்காலியில உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டிருக்கா. விருந்தாளியைப் பார்த்தா எந்திரிக்கணுமா இல்லையா? "வாங்கண்ணா, உட்காருங்க. ரெண்டு வாய்தான் இருக்கு, குடிச்சுட்டு வர்றேன்"னா. குடிச்சா. நாங்க நிக்கறோம், வேட்டியிலேருந்து தண்ணி சொட்டுது, அவ குடிச்சு முடிக்கறா. அவர் பெரிய மனுஷன், "மெதுவாக் குடிம்மா"ன்னார். அதோட விட்டாரா? அவ போட்டுக் கொடுத்த அமுக்கு காபியைக் குடிச்சுட்டு, "அடடா, பேஷா இருக்கே"ன்னு வேற சொல்லிட்டார். எனக்கு மானமே போச்சு. தூங்கவே இல்லை நான்.

மறுநாள் காலையில அவளுக்கு முன்னாடி எந்திரிச்சேன். தப்பான எண்ணம் ஒண்ணும் கிடையாது தம்பி, சத்தியமாச் சொல்றேன். நம்ம பொடியிலயே அந்தக் கண்ணாடியில போட்டுக் காட்டிடலாம், சண்டை தீரும்னுதான் போனேன். சிக்கரி கலந்த பில்டர் பொடி, மாவு மாதிரி இருக்குமே, அதை நாலு கரண்டி போட்டேன். கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன். கம்பியை அமுக்கறேன், இறங்கலை. அதுக்குள்ள ஞானம் வந்துட்டா. "ஏங்க, அதுக்கு இந்தப் பொடி ஆகாதுங்க. சல்லடை அடைச்சுக்கும். விடுங்க"ன்னா. அம்பது வருஷமா காபி குடிக்கறவன் கிட்ட வந்து பொடியைப் பத்திச் சொன்னா எப்படி இருக்கும்? "நீ தள்ளு"ன்னு சொல்லிட்டு ரெண்டு கையையும் வச்சு முழு பலத்தோட ஒரு அமுக்கு.

படார்னு வெடிச்சுது தம்பி. அடுப்படி பூரா கண்ணாடி. கொதிக்கற காபி சுவர்ல, தரையில, என் வேட்டியில. புது வேட்டி, மாசி மகத்துக்குக் கட்டினது, அந்தக் கறை இன்னும் போகலை. அவ மேலயும் தெறிச்சிருக்கும். பட்டுச்சான்னு கேட்டேனா... கேட்டிருப்பேன். ஞாபகம் இல்லை. வேட்டியைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அவ குனிஞ்சா. கண்ணாடியைப் பொறுக்கினா. தரையைத் துடைச்சா. அப்புறம் பில்டரை எடுத்துப் பொடி போட்டு, டிக்காஷன் இறங்கற வரைக்கும் அது முன்னாடியே நின்னு, பாலைக் காய்ச்சி, ஆத்தி, டபராவுல கொண்டு வந்து கொடுத்தா. அந்த மாதிரி ஒரு காபி அவ கையால நான் குடிச்சதே இல்லை. எனக்கு நிம்மதியாச்சு. அப்பாடா, எல்லாம் பழையபடி ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் பார்க்கறேன், பில்டர்ல இருந்த பொடியை அப்படியே குப்பையில தட்டறா. ரெண்டாவது எடுக்கவே இல்லை! "ஏன் ஞானம் வீணாக்கறே? உனக்கு வேணாமா?"ன்னு கேட்டேன். "வேணாம்"னா.

பத்து மணிக்குக் கையில ஒரு பையோட நின்னா. "குமரவேல் வீட்டுக்குப் போறேன்"னா. "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வர்றேன்னு சொல்லு"ன்னேன். தலையை ஆட்டினா. ஆனா சொல்லலை. நாலு நாள்ல வந்துடுவான்னு நினைச்சேன். மாசி போச்சு, பங்குனி போச்சு, இதோ ஐப்பசி வந்துடுச்சு. தீபாவளிக்குப் பத்து நாள் கூட இல்லை.

இது வல்லமா? தஞ்சாவூர் தாண்டினதே தெரியலை. பேசிக்கிட்டே வந்துட்டேன்.

ரெண்டு தடவை போய்க் கூப்பிட்டேன் தம்பி. முதல் தடவை ஆனியில. வாங்கன்னு கூப்பிட்டா, உட்கார வச்சா, சாப்பாடு போட்டா. மூணாம் மனுஷனுக்குப் போடற மாதிரி, இன்னும் கொஞ்சம் சாதம் வச்சுக்குங்கன்னு உபசாரம். எதிர் வீட்டுப் பொம்பளைங்களோட சாயங்காலம் நடக்கப் போறாளாம். தையல் கிளாசுக்குப் போறாளாம், இந்த வயசுல! அவ புறங்கையில ஒரு தழும்பு, ஒரு ரூபா அளவுக்கு, தோல் வெளுத்து இருந்துச்சு. என்ன ஞானம் இதுன்னு கேட்டேன். கையைப் புடவைக்குள்ள இழுத்துக்கிட்டா. "ஒண்ணுமில்லை"ன்னா. பிள்ளை வீட்ல போய் வேலை செஞ்சு எதையோ சுட்டுக்கிட்டிருக்கா. எங்க வீட்ல இருந்தா இதெல்லாம் வருமா?

ரெண்டாவது தடவை போன மாசம். அன்னிக்கு நான் கொஞ்சம் உடைஞ்சு போயிட்டேன். உங்க கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. அழுதுட்டேன். "எனக்கு வயசு எழுபது ஆச்சு ஞானம். காலையில எந்திரிச்சா டம்ளர் வைக்கற சத்தம் கூட இல்லை. ஒரு நாள் நான் எந்திரிக்காமப் போனா பால்காரன்தான் கண்டுபிடிக்கணும். உனக்கு என்ன வேணும், சொல்லு. செய்யறேன்"னேன்.

கையில இருந்த தையலைக் கீழ வச்சா. அப்புறம் சொன்னா, "ஒரே ஒரு நாள் எனக்குன்னு ஒரு காபி நீங்க போட்டுக் கொடுங்க. அப்புறம் வர்றதைப் பத்திப் பேசலாம்." இவ்வளவுதான் கேட்டா.

நானும் அதைத்தான் நினைச்சேன் தம்பி, இவ்வளவுதானான்னு! நகை கேக்கலை, நட்டு கேக்கலை. ஒரு காபி. அங்கேயே போட்டிருக்கலாம். ஆனா மருமக வீட்டு அடுப்படியில நின்னு நான் காபி போடறதா? நம்ம வீட்ல போட்டுக் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.

வந்து, பெரிய கடைத் தெருவுல சொல்லி வச்சு இந்தக் கண்ணாடியை வரவழைச்சேன். காபிப்பொடிக் கடையில போய் கொரகொரன்னு அரைச்சுக் கொடுய்யான்னா, "காபிக்கா சார், உப்புமாவுக்கா?"ங்கறான். பிரதீபாவுக்குப் போன் போட்டு முறையைக் கேட்டு எழுதிக்கிட்டேன். ஒரு மாசம் பழகினேன். தினம் நாலரைக்கு எந்திரிச்சு அடுப்படிக்குப் போவேன். முதல் நாள் எது எங்க இருக்குன்னே தெரியலை. சர்க்கரைன்னு உப்பைப் போட்டுட்டேன். வெந்நீர் ஊத்திட்டு நாலு நிமிஷம் நிக்கணும். அடுப்படியில சும்மா நாலு நிமிஷம் நின்னு பார்த்திருக்கீங்களா? போகவே போகாது. கால் வலிக்கும், புகை மாதிரி என்னென்னவோ நினைப்பு வரும். பில்டர் இறங்க இருபது நிமிஷம் ஆகுமே, இவ எப்படித்தான் முப்பத்தெட்டு வருஷம்... சரி விடுங்க. அவங்களுக்கு அது பழக்கம்.

கை வந்துடுச்சு தம்பி. நானே சொல்லிக்கக் கூடாது, இப்போ பிரதீபாவை விட நல்லாப் போடறேன். நானே போட்டதுன்னு ஞானம் நம்பணுமே, அதுக்குத்தான் கண்ணாடியையும் எடுத்துக்கிட்டு வர்றேன். ஆனாலும் உள்ளதைச் சொல்றேன், பெரிய நம்பிக்கை எல்லாம் இல்லை. போன்ல பேசினா 'ம்'ங்கறா. வந்தா வர்றா, வராட்டி இந்தக் கண்ணாடியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு தெரியலை. அதுக்கு மேல யோசிக்கறதில்லை.

செங்கிப்பட்டி வந்துடுச்சு போல. இருங்க, உங்களுக்கு ஒரு வாய் காபி தர்றேன். அட, சும்மா குடிங்க. கதை கேட்டவருக்கு இது கூடக் கொடுக்காட்டி எப்படி? இந்தப் பெரிய பிளாஸ்க்கை மட்டும் கொஞ்சம் பிடிங்க. விடியக் காலம் போட்டது, இன்னும் சூடு ஆறலை. நானும் ஒரு மூடி ஊத்திக்கறேன்.

எப்படி? பார்த்தீங்களா! மணம் மூக்கைத் துளைக்குதில்ல? முழுசாக் குடிங்க, இன்னும் கொஞ்சம் இருக்கு, அதையும் ஊத்திடறேன். காலியாகட்டும், சுமை குறையும்.

இந்தச் சின்ன பிளாஸ்க்கா? இது ஞானத்துக்கு.

அதுதான் தம்பி விஷயமே. நானாக் கண்டுபிடிச்சது. பழக ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம், அமுக்கி ஊத்தினதுக்கு அப்புறம் பார்க்கறேன், அவ்வளவு பொடியும் கண்ணாடி அடியில அப்படியே கிடக்கு. தூக்கிப் போட மனசு வருமா? கம்பியை மேல தூக்கி, மறுபடி கொதிக்கற தண்ணியை ஊத்தி, ஒரு பத்து நிமிஷம் விட்டு அமுக்கினேன். வந்துடுச்சு! லேசா, அவ குடிக்கற பதத்துல, அச்சு அசல் நம்ம வீட்டு ரெண்டாவது. இதுல ரெண்டாவதே கிடையாதுன்னு சொல்லித்தானே அந்தப் பொண்ணு அவ மனசைக் கெடுத்துச்சு? நான் எடுத்துட்டேன். அவளுக்குன்னே, தனியா, அவ பழக்கப்பட்ட மாதிரி. வாயில வச்ச உடனே நம்ம வீட்டு ஞாபகம் வந்துடாது?

என்ன சொன்னீங்க? முதல்ல எடுத்ததை அவங்களுக்குக் கொடுங்கன்னா?

அது ஏது தம்பி, அதைத்தான் இப்போ நாம ரெண்டு பேரும் குடிச்சுட்டோமே.

துவாக்குடி தாண்டியாச்சு. நான் மெதுவா எந்திரிக்கறேன், இந்தப் பையை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்குங்க, உள்ள கண்ணாடி. ஏன் தம்பி முகம் அப்படி ஆயிடுச்சு? சர்க்கரை கம்மியா இருந்துச்சா?